டம்ளருக்குள் ஏறிய தண்ணீர்

என் புடவை முந்தானையில் மெழுகு ஒட்டிக்கொண்டிருக்கிறது. வீட்டுக்கு வந்து முகம் கழுவி, காபியும் குடித்துவிட்டு, அதை நகத்தால் சுரண்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். விரலில் இன்னும் அணைந்த திரியின் வாசனை. வாயால் ஊதி அணைத்த திரி வேறு, டம்ளரைக் கவிழ்த்து அணைத்த திரி வேறு. இரண்டாவதில் புகை வெளியே போக வழியில்லாமல் உள்ளேயே சுற்றிக்கொண்டிருந்து, டம்ளரைத் தூக்கியதும் மொத்தமாக மூக்கில் ஏறும். இந்த வித்தியாசம் தெரிந்தவர்கள் புதுச்சேரியில் நாம் இரண்டு பேர்தான் என்று நீ சொல்வாய். இப்போது நான் மட்டும் இருக்கிறேன், அதில் எனக்கு வருத்தத்தைவிடக் கோபம்தான் அதிகம்.

உன் பெயரில் இன்று நம் பள்ளியில் அறிவியல் கண்காட்சி நடந்தது. வாசலில் பெரிய பேனர், அதில் உன் படம். ஆண்டு விழா போட்டோவில் நீ முறைத்துக்கொண்டு நிற்பாயே, அதிலிருந்து உன்னை மட்டும் வெட்டியெடுத்து, யாரோ கம்ப்யூட்டரில் உதட்டை இழுத்துவிட்டுச் சிரிக்க வைத்திருக்கிறார்கள். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். படத்துக்குக் கீழே வரைந்த ஒரு தட்டு, தட்டில் தண்ணீர், நடுவில் ஒரு மெழுகுவர்த்தி, அதன் மேல் கவிழ்த்த டம்ளர். பக்கத்தில் எழுத்து: "காற்றில் ஐந்தில் ஒரு பங்கு ஆக்சிஜன். நம் அன்பு ஆசிரியைக்கு மிகவும் பிடித்த சோதனை." உனக்குப் பிடித்த சோதனையாம்! அதைத்தான் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

உனக்குத் தெரியாததில்லை, இருந்தாலும் எழுதுகிறேன்; ஒழுங்காக எழுதினால்தான் கோபமும் ஒழுங்காக வரும். எரிகிற மெழுகுவர்த்தியை டம்ளரால் மூடுவார்கள். சுடர் சுருங்கி அணையும். தட்டில் இருக்கும் தண்ணீர் டம்ளருக்குள் ஏறும், ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு உயரத்துக்கு. மெழுகுவர்த்தி ஆக்சிஜனைத் தின்றுவிட்டது, காலியான இடத்துக்குத் தண்ணீர் வந்துவிட்டது என்று சொல்லிக் கைதட்டல் வாங்குவார்கள். நாம் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஸ்டாஃப் ரூமில் முதன்முதலாகப் பேசிக்கொண்டதே இதைப் பற்றித்தான். பேசிக்கொண்டது என்றால், நீ பேசினாய்.

"இன்னாடி கதை இது? தண்ணி எப்ப ஏறுதுன்னு பாரு. எரியும்போது ஏறல. அணைஞ்ச பெறவுதான் மடமடன்னு ஏறுது. ஆக்சிஜனைத் தின்னுதுன்னா, தின்னத் தின்ன இல்ல ஏறணும்?"

நான் அதுவரை அப்படிப் பார்த்ததே இல்லை. நீயே விளக்கினாய். சூட்டில் உள்ளிருக்கும் காற்று விரிந்து, விளிம்பு வழியாகக் குமிழ் குமிழாகக் கொஞ்சம் வெளியே போய்விடுகிறது. சுடர் அணைந்ததும் மிச்சக் காற்று ஆறிச் சுருங்குகிறது. வெளியே இருக்கும் காற்று தண்ணீரை உள்ளே தள்ளுகிறது, அவ்வளவுதான். ஆக்சிஜன் முழுதாகத் தீர்வதே இல்லை. பாதிக்கு மேல் உள்ளே மிச்சம் இருக்கும்போதே மெழுகுவர்த்தி அணைந்துவிடும்.

பிறகு ஒருமுறை பள்ளியைப் பார்வையிட ஓர் அதிகாரி வந்தார். பத்தாம் வகுப்புக்கு நீதான் அறிவியல். நம் தாளாளர் அவரை உன் வகுப்புக்கே நேராக அழைத்துவந்தார். தாளாளரின் தாத்தா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். பேரனுக்குப் பென்ஷன் வரவில்லையே தவிர, மிடுக்கு முழுதாக வந்துவிட்டது. ஆசிரியைகள் எல்லோரும் அவருக்கு மதாம். நீ டம்ளரைக் கவிழ்த்தாய், தண்ணீர் ஏறியது, தாளாளர், இதோ பாருங்கள் என்பதுபோல், "வொலா!" என்று கையை விரித்தார். உதவிக்கு நின்றிருந்த என் பக்கம் திரும்பி நீ இன்னும் மூன்று மெழுகுவர்த்தி கேட்டாய். அதே அளவில் இன்னொரு டம்ளர்.

"இது ஒரு மெழுகுவத்தி சார். இப்ப மூணு வெக்கிறேன். அதே டம்ளர், அதே காத்து. பாருங்க."

மூன்றும் அணைந்ததும் தண்ணீர் முதல் டம்ளரைவிட நன்றாக மேலே ஏறி நின்றது. "மூணு வெச்சா காத்துல ஆக்சிஜன் அதிகமாயிடுமா சார்?" என்று கேட்டாய், பிள்ளைகளிடம் கேட்கும் அதே குரலில். அதிகாரி தொண்டையைச் செருமினார்.

"விடை சரியா வருதில்ல மேடம்? அஞ்சுல ஒரு பங்குதானே? பரீட்சைல அதத்தானே கேக்கறாங்க?"

"விடை சரிதான் சார். வழி பொய்."

அடுத்த ஜூனில் பத்தாம் வகுப்பை உன்னிடமிருந்து எடுத்துவிட்டு ஆறாம் வகுப்பைக் கொடுத்தார்கள். ஸ்டாஃப் ரூமே உன்னிடம் துக்கம் விசாரித்தது. "ஆறாவதுக்கு மட்டும் வேற காத்தா வெச்சிருக்காங்க?" என்று கேட்டுவிட்டு டிபன் பாக்ஸைத் திறந்தாய். உன் அம்மா கொடுத்தனுப்பிய வஞ்சிர வறுவலை அன்று யாருக்கும் ஒரு துண்டுகூடத் தரவில்லை. அதில்தான் உன் கோபம் தெரிந்தது.

சனிக்கிழமைகளில் அரை நாள் பள்ளி முடிந்ததும் என்னைப் பின்னால் ஏற்றிக்கொண்டு லாஸ்பேட்டையிலிருந்து கடற்கரைக்கு ஸ்கூட்டரை விடுவாய். ஹெல்மெட்டுக்குள்ளிருந்து கத்திப் பேசுவாய்.

"வண்டிய இப்பிடியே நேரா மேல வுட்டா இன்னா ஆவும் தெரியுமா? நம்ம ஸ்கூல்லேந்து பீச்சு வர்ற தூரத்துலயே பாதிக் காத்து காலி. பாகூர் போறதுக்குள்ள மேகம், மழை, புயலு எல்லாம் கீழ நின்னுடும். கடலூர் தாண்டினா ஓசோன். சீர்காழி கிட்ட எரிகல்லு எரியுது. அதுக்கு மேல பேருதான் ஆகாசம், கூப்ட்டா ஆளில்ல."

வளிமண்டலத்தைக் கீழடுக்கு, மீள் அடுக்கு, இடையடுக்கு என்று மற்ற வகுப்புகள் வாய்ப்பாடு மாதிரி ஒப்பித்துக்கொண்டிருந்தபோது, உன் பிள்ளைகள் மட்டும் பஸ் ரூட் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி பரீட்சையில் ஓசோன் இருக்கும் இடம் கடலூர் என்று எழுதிவிட்டாள். நீ அரை மதிப்பெண் கொடுத்தாய், அதற்கும் தாளாளர் கூப்பிட்டு விசாரித்தார்.

ஒரு சனிக்கிழமை கடற்கரைச் சுவரில் உட்கார்ந்திருந்தபோது மட்டும் நீ கத்தாமல் பேசினாய். "இத்தினூண்டு காத்துடி. சைக்கிள்ல போயிட்டு வர்ற தூரம். மீதியெல்லாம் ஒண்ணுமில்ல. இத வெச்சிக்கிட்டுத்தான் அத்தினி உசுரும் கெடக்குது. இதப் பத்திப் பொய் வேற சொல்லணுமா?" எனக்கு அது பெரிய விஷயமாகப் பட்டதால் பதில் சொல்லாமல் இருந்தேன். "நீ ஆர்கான்டி" என்றாய். "காத்துல நூத்துல ஒரு பங்கு இருக்குது பாரு, யாரோடவும் சேராது, யாரோடவும் சண்டைக்கும் போகாது." அன்றிலிருந்து என் பெயர் ஆர்கான்.

அந்த ஐந்தில் ஒரு பங்கை உண்மையாகவே காட்டியாக வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தாய். துருப்பிடிக்கும் இரும்பு காற்றிலிருந்து ஆக்சிஜனை மட்டும் எடுத்துக்கொள்ளும். ஆகவே நீண்ட குழாயின் அடியில் கம்பி நாரை அடைத்து, தண்ணீரில் கவிழ்த்து வைத்தாய். தண்ணீர் இம்மியும் அசையவில்லை. மூன்றாம் நாள் எனக்கே சிரிப்பு வந்துவிட்டது, பாத்திரம் தேய்க்கிற எவர்சில்வர் நார் எங்கே துருப்பிடிக்கும்? தலையில் அடித்துக்கொண்டு பெயிண்ட் கடையில் இரும்பு நார் வாங்கிவந்தாய். கிரில்லும் சைக்கிளும் ஜன்னல் கொக்கியும் துருப்பிடித்து உதிர்கிற ஊரில் அதற்குச் சொல்லித்தரவா வேண்டும்? தண்ணீர் மெல்ல மெல்ல ஏறி, மறுநாள் ஐந்தில் ஒரு பங்கில் நின்றது, அதற்கு மேல் ஏறவே இல்லை. நீ குழாயைக் கட்டிக்கொள்ளாத குறை. தாளாளர் வந்து பார்த்துவிட்டு, "இவ்ளோ நேரம் ஒக்காந்து யார் மதாம் கைதட்டுவாங்க?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

போன வருஷம் பெரிய ஆஸ்பத்திரியில் உன் நுரையீரல் கைவிட்ட நாட்களில், வார்டு பையன் மாஸ்க்கை எடுத்துக்கொண்டு வந்தான். "அக்கா, காத்து வெக்கணும், மூஞ்சியத் திருப்புங்க" என்றான். நீ திரும்பவில்லை. "காத்து இல்லப்பா, ஆக்சிஜன். காத்து வெளிய நெறைய இருக்குது. அதுதான் எனக்குப் பத்தல." மூச்சு வாங்க வாங்க ஒவ்வொரு சொல்லாகச் சொல்லி முடித்துவிட்டுத்தான் மாஸ்க்கை வைக்கவிட்டாய். அவன் சிரித்தான். நான் வராந்தாவுக்குப் போய் அழுதேன். நீ பிழைக்கமாட்டாய் என்று அன்று எனக்குத் தெரிந்துவிட்டது.

இப்படிப்பட்ட உன் படத்துக்குக் கீழேதான் அந்தச் சோதனையைப் போட்டிருந்தார்கள். முந்தாநாள் பேனரைப் பார்த்ததும் நேராகத் தாளாளர் அறைக்குப் போனேன்.

"மதாம், உங்க ஃப்ரெண்டுக்கு மரியாதை செய்யத்தானே இதெல்லாம்? சீஃப் கெஸ்ட் வர்றாரு, சட்டுனு முடியற மாதிரி ஒண்ணு வேணும். விடையும் சரியா வருது. அப்புறம் இன்னா?"

"அவங்க இதைச் செய்யமாட்டாங்க சார்."

"அவங்கதான் இப்ப இல்லியே."

சாதாரணமாகத்தான் சொன்னார். இல்லாதவள் எழுந்து வந்து மறுத்துப் பேசமாட்டாள் என்ற தைரியம். விழாவுக்கே போகாமல் இருந்துவிடலாமா என்று யோசித்தேன். நான் போகாவிட்டால் வேறு யாராவது அந்த மெழுகுவர்த்தியை ஏற்றுவார்கள், உன் பெயரைச் சொல்லித்தான் ஏற்றுவார்கள். "நானே மேடையில செய்யறேன் சார்" என்றேன். மனிதருக்கு ஒரே சந்தோஷம்.

இன்று மேடையில் சுடர் அலையாமலிருக்க மின்விசிறிகளை நிறுத்தினோம். சீஃப் கெஸ்ட் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, "காத்தே இல்லியே" என்றார். யார் இதைச் சொன்னாலும் நீ விடமாட்டாய். மைக் என் கையில் இருந்தது. "காத்து இருக்குது சார், வீசல" என்று சொல்லிவிட்டேன். பிள்ளைகள் சிரித்தார்கள், சிரிப்பைக் கேட்டதும் எனக்குத் துணிச்சல் வந்தது. சொட்டு நீலம் கலந்த தண்ணீரில் ஒரு மெழுகுவர்த்தியை நட்டு, ஏற்றி, டம்ளரைக் கவிழ்த்தேன். அணைந்தது, ஏறியது, முன்வரிசையிலிருந்து "வொலா!" வந்தது, கைதட்டலும் வந்தது. நான் பையிலிருந்து இன்னும் மூன்றை எடுத்தேன்.

"மதாம், போதும், டைம் ஆவுது" என்றார் தாளாளர்.

"இன்னும் முடியல சார்."

ஒன்றைப் பற்றவைத்து, அதைச் சாய்த்து மற்றதைப் பற்றவைத்தேன். முந்தானையில் மெழுகு சொட்டியது அப்போதுதான். மூன்றையும் ஏற்றி டம்ளரைக் கவிழ்த்தேன். நீலத் தண்ணீர் பக்கத்து டம்ளரைத் தாண்டி ஏறியதைக் கடைசி வரிசைப் பிள்ளைகள் எழுந்து நின்று பார்த்தார்கள். "இந்தச் சோதனை அவங்களுக்குப் பிடிச்சதில்ல. இது தப்புன்னு காட்டுறதுதான் அவங்களுக்குப் பிடிக்கும். பேனர்ல போட்டிருக்கறது பொய்" என்றேன். ஆர்கான் இத்தனை பேசியதைக் கேட்க நீ இல்லையே என்று அந்த நிமிஷம் பொங்கிக்கொண்டு வந்தது.

தாளாளர் எழுந்துவிட்டார். உன் வீட்டுக்காரர் மடியில் பொன்னாடையோடு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். அவரிடம் திரும்பி, "நீங்களே சொல்லுங்க சார், இது அவங்களுக்குச் செய்யற மரியாதையா?" என்று கேட்டார்.

உன் வீட்டுக்காரர் பேசுகிறவரா? பொன்னாடையை மடித்துக்கொண்டே சொன்னார். "எங்க வூட்ல அது மூணு வத்திதான் சார் வெக்கும். ஒத்த வத்தி வெச்சி நான் பார்த்ததே இல்ல."

அரங்கமே சிரித்தது. சிரிப்பு அடங்கியதும் ஆறாம் வகுப்பு வரிசையிலிருந்து ஒருத்தி கேட்டாள், "மிஸ், அணைஞ்சப்பறமும் உள்ள ஆக்சிஜன் இருக்குமா?"

"இருக்கும். நெறையவே இருக்கும்" என்றேன். அதற்கு மேல் விளக்க வேண்டியது எவ்வளவோ இருந்தது, மைக்கைக் கீழே வைத்துவிட்டேன்.

விழா முடிந்ததும் தாளாளர் கூப்பிட்டனுப்பினார். உன் பெயரை நான் கெடுத்துவிட்டேனாம். செய்முறையில் என் கவனக்குறைவால் நேர்ந்த தவறு என்று விளக்கமும் மன்னிப்பும் எழுதி நாளைக் காலை கொடுக்க வேண்டுமாம், இல்லாவிட்டால் இப்போது நான் எடுக்கும் பத்தாம் வகுப்பு என் கையை விட்டுப் போகுமாம். போனால் போகட்டும். கவனக்குறைவா? என் வாழ்க்கையில் இத்தனை கவனமாக நான் எதையும் செய்ததில்லை.

உன்னிடமிருந்து அறிவைப் பெற்றோம், பொறுமையைப் பெற்றோம் என்று மேடையில் ஒவ்வொருவராகப் பேசினார்கள். பொறுமையாம், உன்னிடமிருந்து! எனக்கு வந்தது உன் வாய். கொஞ்சம் தாமதமாக வந்திருக்கிறது, ஆனால் இனி போகாது.

விளக்கக் கடிதம் எழுதத்தான் தாளை எடுத்தேன். மதிப்பிற்குரிய ஐயா என்று தொடங்கினேன், அதற்கு மேல் ஓடவில்லை. கிழித்துப் போட்டுவிட்டு உனக்கு எழுத உட்கார்ந்தேன், கை நிற்கவே இல்லை. படித்துப் பார்த்தால் என்ன நடந்தது, ஏன் நடந்தது, யார் செய்தது எல்லாம் இதிலேயே இருக்கிறது. மன்னிப்பு ஒன்றுதான் இல்லை. நாளை முதல் மணி அடிப்பதற்குள் இதையே தாளாளர் மேசையில் வைக்கப்போகிறேன். பெறுநர் என்ற இடத்தில் உன் பெயரை எழுதிவிட்டேன். அவர் பெயரைக் கடைசியில், நகல் என்ற இடத்தில் போட்டிருக்கிறேன்.