விரலுக்கு மட்டும் தெரிந்த அம்மா

புரட்டாசி, வியாழன் இரவு

நேற்று, பத்திரிகை அடிக்கும் என் கடையின் பழைய லேப்டாப்பில் விண்டோஸை எடுத்துவிட்டு லினக்ஸ் போட்டேன். இலவசம், வேகமாக ஓடும் என்றார்கள். ஓடத்தான் செய்கிறது. எல்லாவற்றையும் அழிக்கவா என்று அது கேட்டபோது, ஃபைல்கள்தான் பென்டிரைவில் இருக்கின்றனவே என்று தைரியமாக அழுத்தினேன். தமிழ் ஃபாண்டை எடுத்துவைக்கத் தோன்றவில்லை. ஆங்கில எழுத்துகளைத் தமிழாகக் காட்டிக்கொண்டிருந்ததே அந்த ஃபாண்ட்தான்.

இன்று காலை சிங்கவரத்து ஏழுமலை வந்தார். அவர் அப்பா தவறிவிட்டாராம்.

"போன வருசம் அம்மாவுக்கு அடிச்ச கருமாதி பத்திரிகையிலயே நைனா பேரை மாத்திக் குடுத்துடுக்கா."

ஃபைலைத் திறந்தேன். பக்கம் முழுக்க ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும்.

"இன்னாக்கா இது? எங்கம்மா பேரு எங்க?"

"இருங்க, புதுசா அடிச்சுத் தர்றேன்" என்றேன். அவர் திரையையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு பஜார் பக்கம் போய்விட்டார்.

மதியமெல்லாம் நெட்டில் தேடினேன். அந்த ஃபாண்ட் கிடைக்கவில்லை. இத்தனை வருடம் இந்த ஊருக்கு நான் அடித்த கல்யாணம், காதுகுத்து, சாவு எல்லாம் இப்படித்தான் கிடக்கும்.

கடை சாத்துமுன், என் அம்மா இறந்தபோது நான் அடித்த கண்ணீர் அஞ்சலி ஃபைலைத் திறந்தேன். மேலே பெரிதாக mk;kh என்று இருந்தது. அதே பட்டன்களை வரிசையாக அழுத்திப் பார்த்தேன். தமிழ் டைப்ரைட்டிங் படித்த விரல்களுக்கு அது இன்னும் அம்மாதான். கண்ணுக்குத்தான் யாரோ.