செவப்புக் கோட்டுக்குக் கொஞ்சம் மேல

ஏலே,

கைய சோப்புப் போட்டுக் கழுவிட்டேன். பாத்திரம் வெளக்குற பவுடரப் போட்டும் தேச்சுட்டேன். அப்பயும் போகமாட்டேங்குது, பெட்ரோலும் டூ-டி ஆயிலும் கலந்த அந்த வாசன. அம்மா தட்டக் கொண்டாந்து வச்சிட்டு, "மறுபடியும் அந்தப் படகு ஓட்டப் போனியா? கையில வாட தாங்கல"ன்னு மூக்கப் பொத்திக்கிட்டுப் போயிருச்சு. எனக்கு சோறு எறங்கல. உக்காந்தா எந்திரிக்கத் தோணுது, எந்திரிச்சா உக்காரத் தோணுது. போன எடுக்கேன், வைக்கேன். யார்ட்டயாவது சொல்லணும்ல. சொன்னா புரியுற ஆளு நீ ஒருத்தந்தான்.

இன்னிக்கு ஒங்க ஊர் கண்மாயில நம்ம போட்ட நான் ஓட்டுனேன். கயித்தோட அந்தக் கடைசியில பலகை மேல நின்னது ஒந்தங்கச்சி. போட்டுக்குள்ள பின்னால பாத்து உக்காந்திருந்தது யாருன்னு சொன்னா நீ நம்பமாட்ட. ஒங்கப்பா.

இப்ப நெனச்சாலும் சிரிப்பா இருக்கு, இது எப்படி ஆரம்பிச்சுச்சுன்னு. நாரணாபுரத்துல ஒங்க பட்டாசுக் கம்பெனிக்கு எதுத்தாப்புல டீக்கடையில வச்சுத்தான் அந்த வீடியோவக் காட்டுனேன். நீ லோடு ஏத்துற எடத்துல சூப்பர்வைசர், போன கேட்டுலயே வாங்கி வச்சிருவாக, அதனால வெளிய வந்ததும் என் போனத்தான் புடுங்குவ. எங்கயோ ஒரு நாட்டுல ஒரு பொண்ணு, போட்டு இழுக்க, ஒத்தப் பலகையில ரெண்டு காலையும் மாட்டிக்கிட்டு, போட்டு கெளப்புன அலையில ஏறித் தாவுறா. நான் அத நூறு தடவைக்கு மேல பாத்திருப்பேன். வேக்போர்டிங்குன்னு பேரு, இன்ன பலகை, இன்ன கயிறுன்னு ஒப்பிச்சேன். நீ டீய உறிஞ்சிட்டு ஒண்ணே ஒண்ணு கேட்ட.

"இது நம்ம கண்மாயில வராதாலே?"

"தண்ணி இருந்தா வரும்."

"தண்ணி கெடக்கு. போட்டுக்கு எங்கிட்டுப் போக?"

அம்புட்டுதான். அடுத்த மழைக்குள்ள, தூத்துக்குடிப் பக்கம் லோடு எறக்கிட்டு சும்மா திரும்புன வண்டியில ஒரு பழைய ஃபைபர் போட்ட ஏத்திக்கிட்டு வந்துட்ட. மோட்டாரும் கூடவே. ஒங்கப்பா கரையில நின்னு பாத்துட்டு, "கடல்ல ஓடுனதக் கண்மாயில விட்டா கெளுத்தி மீன்கூட கேலி பண்ணும்"ன்னாரு. பாய்மாருன்னா மாமன் மருமகன் மொறதான ஒங்க ஊர்ல, என்னையப் பாத்து, "வாங்க மருமகனே, நீங்கதான் இவனக் கெடுக்கீகளா?"ன்னாரு. கெடுத்தது நீதான்னு யாரு சொல்ல.

ஓட்டிப் பாத்தப்பறந்தான் தெரிஞ்சது, பலகையில நிக்கிறது பெரிய வேல இல்ல, போட்டு ஒரே வேகத்துல போறதுதான் வேலன்னு. பாத்தா சாதாரணமாத்தான் தெரியும். நான் அலைய வெட்டி ஒரு பக்கம் ஒதுங்குனா கயிறு விண்ணுன்னு இழுக்கும், போட்டு திணறும், வேகம் விழும், பலகை முங்கும். நீ முறுக்கிக் கூட்டுவ. நான் திரும்ப நடுவுக்கு வந்தா கயிறு தொய்யும், கூட்டுன வேகம் அப்படியே நிக்கும், அடுத்த நொடி என்னையத் தூக்கி எறியும். வெளிநாட்டுல இதுக்குன்னு கருவி இருக்கு, வேகத்த அதுவே புடிச்சு வச்சுக்கிரும். அந்த வீடியோவும் காட்டுனேன். "அந்தக் கருவி நாந்தாம்லே"ன்னு நெஞ்சத் தட்டுன. அன்னிக்குக் கண்மாய்த் தண்ணியில பாதிய நான் குடிச்சேன்.

அலை பெருசா வரணும்னா போட்டுல பின்னால பாரம் ஏத்தணும்னு நாந்தான் படிச்சிட்டு வந்து சொன்னேன். மணல் மூட்டைக்கு எங்க போகன்னு நீ முழிக்க, நான் விருதுநகர்ல எங்க அத்தா கடையில வண்டு விழுந்து ஒதுக்கி வச்ச பட்டாணி மூட்டைகளக் கொண்டாந்தேன். பருப்புக்கடைக்காரன் புத்தி எங்க போகும். சாயங்காலம் அருமையா அலை வந்துச்சு. மறுநா காலையில போயிப் பாத்தா, ராத்திரி முழுக்க அடியில ஊறுன தண்ணியில பட்டாணி பூராம் உப்பி, சாக்கு வெடிச்சு, போட்டு நெறைய முக்கால் சுண்டல். நீ ஒண்ணும் திட்டல. ஒரு கை அள்ளி மோந்து பாத்துட்டு, "தேங்கா மட்டுந்தான் பாக்கி பாய்"ன்ன. அப்புறம் அச்சகத்துல கழிச்சுப் போட்ட ஃபிளெக்ஸ் பேனரப் பையாத் தச்சு, கண்மாய் மணலயே ரொப்புனோம். ஏதோ ஒரு கல்யாண மாப்பிள்ளையோட பாதி மூஞ்சி இன்னமும் அதுல ஒரு மூட்டையில சிரிச்சுக்கிட்டு இருக்கு.

அடுத்து மோட்டார் கைப்புடி. பைக் மாதிரி முறுக்குற புடி. அத ஒரே எடத்துல நிறுத்துற திருகு தேஞ்சு போயி, நீ கைய லேசா விட்டாலே வழுக்கிக்கிட்டு எறங்கிரும். சைக்கிள் ட்யூப்ப வெட்டி இறுக்கிச் சுத்துன. அப்பறம் மூட்டைய முன்ன நகட்டி, பின்ன நகட்டி, மோட்டார் சாயுற அளவப் புடிக்கிற கம்பிய ஒரு ஓட்டை மாத்திப் போட்டு, மறுபடி மூட்டைய நகட்டி. எனக்குப் பொறுக்காது. "போதும்லே, கயித்தப் போடு, வெயில் போயிரும்"னு கத்துவேன். நீ காதுலயே வாங்கமாட்ட. ஒருநா எல்லாம் சரியா அமைஞ்சு, மணிக்கு இருபத்தெட்டு கிலோமீட்டர்ல போட்டு ஆடாம போச்சு. அங்கனயே நிறுத்தி, கயித்துல நிக்கிற ஆளு விழுந்தா சொல்ல, பின்னால பாத்து உக்காரணும்னு கூட்டியாந்திருந்த ஒந்தங்கச்சியோட பையக் கொடஞ்சு, நெயில் பாலிஷ எடுத்து, புடியில ஒரு கோடு போட்ட. செவப்புக் கோடு. "ஏன்ணே, அது புதுசு"ன்னு அவ ஒன் முதுகுலயே சாத்துனா.

அதுக்கப்பறமும் நான் போன்ல வேகம் காட்டுற ஆப்பப் போட்டு ஒன் முன்னாடி கட்டி வச்சிருந்தேன். நீ ஒரு வாரம் அதப் பாத்து ஓட்டுன, போட்டு விக்கல் எடுத்த மாதிரியே போச்சு. ஒருநா அதக் கழத்தி என் கையில குடுத்துட்ட. "போன் சொல்றது பழைய சேதிலே. அது சொல்றப்ப போட்டு அந்த எடத்தத் தாண்டிருச்சு." நான் ஒத்துக்கிடல. ஒங்கூட சண்டதான் போட்டேன். ஆனா அதுலருந்து நான் விழல.

ஒன்னையக் கொண்டு போனது காய்ச்சல். இத நான் வெளியூர்க்காரன் ஒவ்வொருத்தன்ட்டயும் சொல்ல வேண்டியிருக்கு. சிவகாசிப் பக்கம்னதுமே, "வெடி விபத்தா?"ன்னு மொகத்த மாத்திக்கிறான். இல்லப்பா, கொசுன்னு சொன்னா, அவனுக்கு ஒரு மாதிரி ஏமாத்தமாவே இருக்கு. தீவாளி லோடு முடியட்டும், அசதிதான்னு நீ மாத்திரையப் போட்டுட்டு ஓடுன. முடிஞ்சது. எனக்கு இதுல யாரத் திட்டன்னே தெரியல, அதான் ஒரு எடத்துல உக்கார முடியல போல.

போட்டு கரையில கவுந்து கெடந்துச்சு. மழை பெஞ்சு கண்மாய் நெறஞ்சதும் மீன் குத்தகைக்காரரு ஒங்கப்பாட்ட கேட்டிருக்காரு, வல போட ஆகும்னு. ஒங்கப்பாவும் எடுத்துக்கோன்னுட்டாரு. நேத்து ஒந்தங்கச்சி போனு. "அண்ணே, நாளைக்கு மறுநா எடுக்க வாறாங்க. நாளைக்கு நீங்க ஓட்டுறீங்க, நான் நிக்கிறேன்." அழுகல. சண்டக்கு வாற கொரலு, ஒன்னைய மாதிரியே.

காலையில போனா ஒங்கப்பா கரையில நிக்காரு. "ஓட்ட ஆளு இல்லாத போட்ட வச்சு நான் என்ன செய்ய மருமகனே? கெடந்து மக்குறதப் பாக்க எனக்குத் தெம்பு இல்ல"ன்னாரு.

"நான் ஓட்டுறேன் மாமா."

"நீங்க கயித்துல தொங்குன ஆளு. ஓட்டுனது அவன்." துண்ட ஒதறித் தோள்ல போட்டாரு. "எம்புள்ளய வச்சு இழுக்கப் போறீக. ஆடாம ஓட்டுனீகன்னா போட்டு கெடக்கட்டும். ஆடுச்சுன்னா குத்தகைக்காரரு எடுத்துக்கிடட்டும். பின்னால பாக்க ஆளு வேணும்ல, நானே ஏறுறேன்." வேட்டிய மடிச்சுக் கட்டிக்கிட்டு ஏறி உக்காந்துட்டாரு, பாரத்துல போட்டு ஒரு சாண் எறங்குச்சு.

பெட்ரோல் ஊத்துறதுக்கு முன்னாடி குனிஞ்சு தண்ணியில கைய வச்சேன். ஒங்க கம்பெனியில ரூமுக்குள்ள போறதுக்கு முன்னாடி செம்புத் தகடத் தொட்டுட்டுப் போவீகளே, ஒடம்புல இருக்கிற கரண்டு எறங்கணும்னு. அந்தப் பழக்கத்துல நீ இங்கயும் தொடுவ, நான் கிண்டல் பண்ணுவேன். இன்னிக்கு என் கை தானாப் போச்சு.

இடது கையால புடியச் செவப்புக் கோடு வரைக்கும் முறுக்குனேன். நம்ம கோடுதானேன்னு ஒரு நம்பிக்க. போட்டு மூக்கத் தூக்கிக்கிட்டு நிக்குது, வேகமே எடுக்கல. ஒந்தங்கச்சி பாதி எந்திரிச்சு, அப்படியே தண்ணிக்குள்ள போயிட்டா. மேல வந்து மூக்கச் சிந்திட்டு கத்துறா, "அண்ணே, அந்தக் கோடு போட்டப்ப போட்டுல நானும் எங்கண்ணனும்தான இருந்தோம். இப்ப அப்பா இருக்காரு. ரெண்டு மூட்டைய எறக்குங்க."

"நான் என்ன பட்டாணி மூட்டையா?"ன்னாரு ஒங்கப்பா. அது அவருக்கு எப்படித் தெரியும்? நீ வீட்டுல சொல்லிச் சிரிச்சிருக்க.

ரெண்டு மூட்டையக் கரையில வச்சிட்டு, அவர நடுவுல நகட்டி உக்கார வச்சோம். இப்ப மூக்கு எறங்குச்சு, அவ எந்திரிச்சிட்டா. ஆனா கோட்டுல நிறுத்துனா வேகம் பத்தல, பலகை முங்கி முங்கி வருது. போனப் பாத்தேன். இருபத்தஞ்சு. கூட்டுனேன், முப்பத்திரண்டு. கொறச்சேன், இருபத்திநாலு. கயிறு வெட்டி வெட்டி இழுக்குது, பொறத்தால அவ தள்ளாடுறது எனக்குக் கண்ணுல படல, ஒங்கப்பா மொகத்துல தெரியுது. ரெண்டாந்தடவையும் விழுந்தா. அந்தப் பக்கம் கருவேல முள்ளு நிக்கிற எடம் கிட்டத்துல. சட்டுன்னு புடிய எறக்கிட்டேன்.

போட்டத் திருப்பி அவட்ட கொண்டு போனேன். கயித்த எடுத்துக்கிட்டே, "போனப் பாக்காதீங்கண்ணே"ன்னா. அது மட்டுந்தான் சொன்னா.

போனக் கவுத்து வச்சேன். மோட்டார் சத்தத்தக் கேட்டேன். நீ ஓட்டுறப்ப ஏன் ஒரு வார்த்தகூட பேசமாட்டன்னு அப்பத்தான் தெரிஞ்சது, மத்த நேரம் வாய் ஓயாத பய. அவ ஒதுங்கப் போறான்னா, ஒங்கப்பா கண்ணு முந்தியே அந்தப் பக்கம் திரும்புது. மோட்டார் சத்தம் தணியுறதுக்குள்ள ஒரு மயிரெழை கூட்டுனேன். அவ நடுவுக்கு வாறா, அதே அளவு எறக்குனேன். சும்மா புடிச்சிருந்தேன். வேற ஒண்ணுமே செய்யல. செய்யாம இருக்கறது எனக்கு எம்புட்டு கஷ்டம்னு ஒனக்குத்தான் தெரியும்.

அப்புறம் ஒங்கப்பா, "ஏ, ஏ, ஏ"ன்னாரு. நான் திரும்பல. தண்ணியில பலகை 'சப்'புன்னு எறங்குற சத்தம் கேட்டுச்சு. "தாவிட்டா மருமகனே"ன்னாரு. "நிக்கிறா. இன்னும் நிக்கிறா."

எறங்குனப்பறம் அவரு கைப்புடியக் குனிஞ்சு பாத்தாரு. "இந்தச் செவப்பு என்ன?"

"அவன் போட்ட கோடு மாமா. வேகத்துக்கு."

பெருவெரலால அத ஒருதடவத் தடவிட்டு, தோள்ல கெடந்த துண்ட எடுத்துக்கிட்டு மேட்டுல ஏறிட்டாரு. கொஞ்ச தூரம் போயி திரும்பாமயே சொன்னாரு, "குத்தகைக்காரர்ட்ட வேற எடம் பாக்கச் சொல்லிருதேன்."

ஒந்தங்கச்சி தல சொட்டச் சொட்ட பையத் தொறந்து நெயில் பாலிஷ எடுத்துக் குடுத்தா. பச்சக் கலரு. "இத நானே குடுக்கேன், திருட வேணாம்"னா. ஒன் கோட்டுக்குக் கொஞ்சம் மேல ஒண்ணு போட்டேன். ஒன்னோடத அழிக்கல. அந்த ஆளுக, அந்தப் பாரம், அந்தச் சாயங்காலம், அதுக்கு அது சரியாத்தான் இருந்துச்சு.

இப்ப எழுதிக்கிட்டு இருக்கறப்பவே பாத்தேன்லே. வலது கை டைப் பண்ணுது. இடது கை தொட மேல சும்மா கெடக்கு, ஆனா வெரலு மடங்கி எதையோ புடிச்ச மாதிரியே நிக்குது. கால் இன்னமும் ஆடிக்கிட்டுத்தான் இருக்கு. அந்தக் கை மட்டும் ஆடல.