கடிவாளம் பிடித்த கை

அண்ணாச்சி,

கரமனைச் சத்திரத்துத் தோல்வார்களுக்கு இப்போதும் எண்ணெய் தேய்க்கிறார்கள். அந்த வாசனை மூக்கில் ஏறியதும் உம் நினைவு வந்தது. கூடவே பழைய எரிச்சலும். எழுத்தறியாத நான் சொல்லச் சொல்ல, மருமகள் எழுதுகிறாள்.

நாம் குதிரை மாற்றிய சத்திரம் இன்று காட்சிசாலை. பஸ் வந்தபின் பூட்டிக் கிடந்ததைச் சர்க்கார் வெள்ளையடித்து, நம் கோச்சு வண்டியையும் உள்ளே நிறுத்தியிருக்கிறது. சுவரில் வெள்ளைக்காரத் துரை நம்மை எடுத்த அந்தப் படம்.

அன்றைக்கு நாகர்கோவிலுக்கு வண்டி ஓட்ட என் முறை. தலைப்பாகை கட்டி ஏறியும் உட்கார்ந்துவிட்டேன். துரை உம் மீசையைப் பார்த்துவிட்டு என்னை இறங்கச் சொன்னார். நீர் ஏறி உட்கார்ந்து, "லே, குதிரையப் பிடி. மூஞ்சிய நான் காட்டுதேன்" என்றீர். எல்லோரும் சிரித்தார்கள். சோறு போடுகிற காளியம்மையும் சிரித்தாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

படத்தில் நீர் ராஜா மாதிரி. நான் ஓரத்தில் வெட்டுப்பட்டு, கடிவாளம் பிடித்த ஒரு கையாக மட்டும். அந்தக் கை விட்டிருந்தால் குதிரை ஆடி உம் மூஞ்சி கலங்கியிருக்கும். அதை யார் சொன்னார்கள்?

போன வாரம் காட்சிசாலை ஆபீசர் என்னை வரவழைத்தார். பழைய வண்டிக்காரர்களில் மிச்சம் நான் ஒருத்தன்தான்.

"அப்பூப்பா, வண்டில இருக்கது ஆராக்கும்? படத்துக்குக் கீழ பேரு எழுதணும்."

படத்தில் முகம் மங்கிவிட்டது, மீசை மட்டும்தான் தெளிவு. மீசை இப்போது எனக்கும் உண்டு. நீரும் போய்ச் சேர்ந்துவிட்டீர்.

"நான்தான்" என்றேன்.

"கொள்ளாமே! அப்ப இந்தக் கை?"

"அது... கூட வேலை செஞ்ச அண்ணாச்சி."

அவர் குனிந்து பார்த்தார். படத்துக் கையில் சுண்டுவிரல் இல்லை. பிறகு என் கையைப் பார்த்தார். குதிரை கடித்துப் போன விரலின் இடத்தை வேட்டி மடிப்பில் மறைத்தேன், பிந்திவிட்டது.

"சாரமில்ல அப்பூப்பா, பரவால்ல" என்று சிரித்தார். "ரெண்டு பேருக்கும் பேரு வைக்கலாம்."

உம் பேரைச் சொன்னேன். துக்கத்தோடா எரிச்சலோடா என்று கேட்காதீர்.

நேற்றுப் போனேன். பலகை மாட்டிவிட்டார்கள். வண்டிக்கு நேரே உம் பேர், கைக்கு நேரே என் பேர் என்று ஆபீசர் காட்டினார். வாசிக்கத் தெரியாததால் விரலால் அளந்து பார்த்தேன். உம் பேர்தான் நீளம், அண்ணாச்சி. தெரிந்திருந்தால் சுருக்கிச் சொல்லியிருப்பேன்.