கறுப்புப் பொடி

அக்கா,

இன்று காலை புதுச்சேரி ரயிலில் வந்த பொம்மையார்பாளையத்து மீன்காரி வாசலில் கூடையை இறக்கினாள். மீன் காயாமலிருக்க அடியில் கடல்பாசி பரப்பியிருந்தாள். அந்த வாடை மூக்கில் ஏறியதும் மீன் வாங்காமலே உள்ளே வந்துவிட்டேன். கடைசி மாதங்களில் உன் வாயில் அடித்த வாடை அது.

இரண்டாவது பிள்ளைக்குப் பிறகு உன் தொண்டையில் கழலை எழும்பியது. வலி இல்லை. ஆனால் உன்னோடு திண்டிவனம் கடைத்தெருவில் நடக்க உன் புருஷனுக்கு வெட்கமாக இருந்தது. அவர்தான் உன்னை அங்கே கடை வைத்திருந்த நாட்டு வைத்தியரிடம் கூட்டிப்போனார். அமுக்கராக் கிழங்கும், கடல்பாசியைச் சுட்ட சாம்பலும் கலந்த கறுப்புப் பொடியைத் தேனில் குழைத்துத் தின்றாய். கழலை கொஞ்சம் வற்றியது உண்மைதான். உடனே வைத்தியர் சந்தை நாட்களில் உன்னைத் தன் கடை வாசல் பெஞ்சில் உட்காரவைத்து, வருகிறவர்களுக்கெல்லாம் உன் கழுத்தைக் காட்டினார். நீயும் பெருமையாகத்தான் உட்கார்ந்திருந்தாய்.

பொங்கலுக்கு விழுப்புரம் வந்தபோது உன்னை எனக்கு அடையாளம் தெரியவில்லை. இரண்டு ஆள் சோறு தின்றும் எலும்பாக இருந்தாய். தைக் குளிரில் வியர்த்தது. டம்ளர் கையில் நிற்கவில்லை. கண்கள் பிதுங்கியிருந்தன. என் கையை இழுத்து மார்பில் வைத்துக்கொண்டு, "உள்ள ரயிலு ஓடிக்கினே கீதுடி, நிக்கவே மாட்டேங்குது" என்றாய்.

பொடியை நிறுத்தச் சொன்னேன். நோய் வெளியேறும்போது அப்படித்தான் இருக்கும் என்று சொல்லி வைத்தியர் அளவைக் கூட்டியிருந்தார். பச்சிலை மருந்து என்ன செய்துவிடும் என்று நீ கேட்டாய்.

நீ மயங்கி விழுந்த பிறகுதான் ஆஸ்பத்திரி. பொடியை முகர்ந்து பார்த்த டாக்டர் எனக்கு விளக்கினார். கடல்பாசியில் இருக்கும் அயோடின் தொண்டைச் சுரப்பிக்குக் கொஞ்சம்தான் வேண்டும். இப்படி அள்ளிப் போட்டால் சிலருக்கு அந்தச் சுரப்பி வெறிகொண்டு இதயத்தை விரட்டும் என்றார். உன் இதயம் அதற்குமேல் ஓடவில்லை.

ஆஸ்பத்திரி ஊசிதான் உன்னைக் கொன்றது என்று வைத்தியர் ஊரெல்லாம் சொன்னார். உன் புருஷனும் தலையாட்டினார். வருஷம் திரும்புவதற்குள் வேறு கல்யாணம் செய்துகொண்டார்.

அழுகை நின்றதும் நான் திண்டிவனத்துக்கு ரயிலேறினேன். சந்தை நாளில் நீ உட்கார்ந்த அதே பெஞ்சில் உட்கார்ந்தேன். கழலையோடு வந்த ஒவ்வொருவரிடமும் உன் கதையைச் சொன்னேன். சத்தம் போடவில்லை. வைத்தியர் மிரட்டினார், ஆள் வைத்து இழுத்துத் தள்ளப் பார்த்தார். அடுத்த சந்தைக்கும் போனேன், அதற்கடுத்த சந்தைக்கும் போனேன். கூட்டம் குறைந்தது. பிறகு யாருமே வரவில்லை.

ஒருநாள் அவரே என் வீட்டு வாசலில் வந்து நின்றார். "பொழப்பே போச்சும்மா. உட்டுடும்மா" என்றார்.

"எங்க அக்காவைக் கொன்னது உன் பொடிதான்னு அதே கடை வாசல்ல நின்னு சொல்லு. உட்டுடறேன்."

அவர் சொல்லவில்லை. கடையைப் பூட்டிக்கொண்டு ஊரைவிட்டுப் போனார். எனக்கு அன்று நல்ல தூக்கம் வந்தது. அதை யாரிடமும் மறைத்ததில்லை.

ரயில்வே ஸ்டேஷனில் வேலை செய்யும் என் வீட்டுக்காரர், போதும் விடு என்கிறார். உன் மார்பின் அதிர்வு அவர் உள்ளங்கையில் இல்லை, என்னுடையதில் இருக்கிறது. வைத்தியர் பண்ருட்டியில் புதுக் கடை போட்டிருக்கிறாராம். நாளைக்கு அங்கே சந்தை. முதல் வண்டிக்கே கிளம்புகிறேன், அக்கா.