புள்ளியில்லாத அச்சு

1958 மார்ச் 30, தொண்டி

பாக்கரின் மோட்டார் சைக்கிளுக்குப் பின்சக்கர அச்சில் மாட்டும் புஷ் வளையம் கடைந்து முடித்தேன். பதினோராவது உருப்படி. துருப்பிடித்த சட்டமும் இன்ஜினும் மிலிட்டரி ஏலத்தில் எடுத்து, அவனே வண்டியைக் கட்டுகிறான். கடையில் கிடைக்காததெல்லாம் என் கொட்டகை லேத்தில் பிறந்தவை. ஒவ்வொன்றிலும் வழக்கம்போல் பஞ்ச் ஆணியால் என் அடையாளமாக இரண்டு புள்ளி அடித்திருக்கிறேன்.

ஏப்ரல் 4

வண்டி ஓடிவிட்டது. 'பாக்கர் செஞ்ச வண்டி' என்கிறது ஊர். என் பெண்டாட்டி உமையாளும் சேர்ந்துகொண்டாள்: "பாக்கரண்ணன் கையில என்ன வித்தை!" என் கையை யாரும் பார்க்க மாட்டார்களா? பள்ளிக்கூடத்தில் என்னைப் பார்த்துக் கணக்கு எழுதியவன் அவன்.

ஏப்ரல் 5

கறுப்புக் கண்ணாடி வேறு போட்டுக்கொண்டு கடைத்தெருவில் போகிறான்!

ஏப்ரல் 14

முன்சக்கர அச்சு தேய்ந்து சக்கரம் ஆடுகிறதாம். நோன்பு வாயோடு வந்து, "ராக்கு, புதுசு ஒண்ணு கடைஞ்சு குடுலே" என்றான். கடைந்தேன். கவனம் வேலையில் இல்லை. அச்சின் தடிமன் மாறும் மூலையில் உளி ஆழமாக இறங்கிவிட்டது. ஓடும்போது அந்த வெட்டில்தான் முறியும். இன்னொரு கம்பி சுவரோரம் சாத்தித்தான் இருந்தது. எடுக்கவில்லை. எமரித் தாளால் தேய்த்துப் பளபளப்பாக்கினேன். முறியட்டுமே, அவன் வித்தையை ஊர் பார்க்கட்டும்.

பஞ்ச் ஆணியை எடுத்தேன், அடிக்கக் கை வரவில்லை. புள்ளி இல்லாமலே கொடுத்தனுப்பினேன்.

ஏப்ரல் 15

பாக்கரின் மகள் நஃபீசா தினமும்போல நோன்புக் கஞ்சித் தூக்கோடு வந்தாள். "மாமா, பெருநாளைக்கு மறுநா வாப்பா என்னைய முன்னால ஒக்கார வச்சு ராமநாதபுரம் போறாக!"

தூக்கைத் திறக்காமல் உமையாளிடம் கொடுத்துவிட்டேன்.

ஏப்ரல் 16

போய்ச் சொல்லணும். என்னன்னு சொல்ல? தெரிஞ்சேதான் குடுத்தேன்னா? அவன் தெருமுனை வரை போனேன் — திரும்பிட்டேன். சீ.

ஏப்ரல் 17

அவனே வந்தான், காகிதத்தில் சுற்றிய அச்சோடு.

"மாட்டப் போனேன், உன் புள்ளி ரெண்டையும் காணோம். ஆள் மாத்திக் கடையச் சொல்லிட்டியோன்னு மாட்டாம வச்சுட்டேன். ஒவ்வொரு சாமான்லயும் புள்ளியப் பாத்துட்டுத்தானே மாட்டுறேன்? உன்னுதுதான்னா ரெண்டு புள்ளி அடிச்சுக் குடு, போறேன்."

பார்த்திருக்கிறான். ஊரில் அவன் ஒருத்தன் பார்த்திருக்கிறான்.

கையிலெடுத்த பஞ்ச் ஆணியை வைத்துவிட்டு, அச்சை வைஸ் இடுக்கியில் கவ்வவைத்துச் சம்மட்டியால் அடித்தேன். ஐந்தாவது அடியில் அந்த மூலையிலேயே முறிந்தது.

பாக்கர் துண்டைக் கையில் எடுத்துப் பார்த்தான். "எப்பத் தெரியும்?"

"கடையும்போதே."

துண்டை லேத்தின் மேல் வைத்துவிட்டுப் போய்விட்டான்.

ஏப்ரல் 18

கஞ்சி வரவில்லை. உமையாள் இரண்டு முறை வாசலுக்குப் போய்ப் பார்த்தாள்.

ஏப்ரல் 19

சுவரோரக் கம்பியில் புது அச்சு கடைந்தேன். மூலையில் வெட்டு விழாமல் வளைவாக இழைத்து, மூன்று முறை சரிபார்த்து, இரண்டு புள்ளியும் அடித்து, வீடு தேடிப் போய்க் கொடுத்தேன்.

பாக்கர் வாங்கிப் புள்ளியைப் பார்த்தான். பிறகு வெளிச்சத்துக்கு நகர்ந்து, அந்த மூலையில் நகத்தை வைத்து மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றினான். பதினோரு உருப்படியில் ஒன்றைக்கூட அவன் அப்படிப் பார்த்ததில்லை.