அறுபது பேரில் அவள் வயலின்

அன்புள்ள தேவசேனா,

நீயும் பிரித்திகாவும் நலமா? சூரத்தில் என் உடம்பும் வியாபாரமும் நன்றாகவே இருக்கின்றன.

பழைய வீடியோ கேம் இசையை, பல ஊர் ரசிகர்கள் தனித்தனியே வாசித்து ஆர்கெஸ்ட்ராவாக ஒட்டியிருக்கிறார்களே, நம் பிரித்திகாவும் வாசித்தாளே, அதைக் கடையில் போட்டேன். கடைக்கு வந்திருந்த புத்தூர்க்காரர் கேசவன் சிரித்தார்.

"இன்னா மொதலாளி, துணி விக்காம கச்சேரி நடத்திக்கினு கீறீங்க?"

"என் பொண்ணு வாசிக்குது, கம்முனு கேளுய்யா" என்றேன். ஆனால் அறுபது பேரில் அவள் வயலின் எது என்று எனக்கே பிடிபடவில்லை.

நகரி வீட்டில் அவள் முதலில் பதிவு செய்ததில் பவர்லூம் சத்தம் கேட்கிறதென்று குழுவினர் கழித்துவிட்டார்களாம். அதை அழிக்காமல் எனக்கு அனுப்பச் சொல். கழித்த சரக்குதான் எனக்கு வேண்டும். தீபாவளிவரை என்னால் வர முடியாது.

லாரி வந்துவிட்டது, நிறுத்துகிறேன்.

தணிகாசலம்