எஸ்தர் என்று வெட்டிய ஆறு கிண்ணங்கள்

மூன்று நாளாக வீட்டில் புளி வாசனை. சமைக்கிற புளி இல்லை, பாத்திரம் தேய்க்கிற பழம்புளி. மருமகள் பரணைச் சுத்தம் செய்யப் போனவள், உன் அம்மாவின் ஆறு கிண்ணங்களையும் கீழே இறக்கிவிட்டாள். சாக்கைப் பிரித்த சத்தத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. அதன் பிறகு ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. வாசலுக்கும் கூடத்துக்கும் நடந்துகொண்டே இருக்கிறேன்.

அவள் புது டைனிங் டேபிளுக்குப் பழங்காலத்துப் பரிமாறும் பாத்திரம் வேண்டுமென்று ஒரு மாதமாகப் போனில் தேடிக்கொண்டிருந்தவள். "மாமா, இந்த மாதிரி கிடைக்காதான்னு எங்கெங்கேயோ அலையறேன். நம்ம வீட்டுப் பரண் மேலேயே கிடந்திருக்கு. இந்தப் பேரை மட்டும் பாலிஷ் போட்டு எடுத்துட்டா புதுசு மாதிரி ஆயிடும்" என்றாள்.

கை வைக்காதே என்றேன். கொஞ்சம் உரக்கவே சொல்லிவிட்டேன். அவள் முகம் சுண்டிப்போனது. அதற்கும் நீதான் காரணம்.

உனக்கு நினைவிருக்கும். அம்பத்தூர் எஸ்டேட்டில் நாம் இருவரும் ஒரே கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்து நான்கைந்து வருஷம் ஆகியிருந்தது. வெளிநாட்டு மெஷின் வந்து இறங்கிய பெட்டிப் பலகையை வாங்கி, கொரட்டூர் ஆசாரி ஒருவரைப் பிடித்து மேஜை செய்தேன். எங்கள் தெருவில் முதல் சாப்பாட்டு மேஜை. அதன் அடிப்பக்கம் 'இது மேலே' என்று காட்டும் அம்புக்குறி பக்கவாட்டில் படுத்துக் கிடந்தது. நீ குனிந்து பார்த்துவிட்டு, "நைனா, இந்த மேஜை இன்னும் தான் பொட்டின்னுதான் நெனச்சிகினு கீது" என்றாய். எனக்குக் கோபம் வந்தது. நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். பழைய பேப்பர் கடையில் எடை போட்டு வாங்கிய ஆங்கிலப் பத்திரிகைகளைப் பார்த்து நானாகவே படித்தவன். அவற்றில் இருந்த படங்களைப் போல ஒரு நாளாவது என் வீட்டில் சாப்பாடு நடக்க வேண்டும் என்று நினைத்ததில் என்ன தப்பு?

அதற்கு நாள் வந்தது. என் தங்கையைப் பெண் பார்த்துப் பிடித்துப்போய், தேதி குறிக்க வரும்போது எங்கள் வீட்டில் கை நனைப்பதாக மாப்பிள்ளை வீட்டார் சொல்லி அனுப்பினார்கள். அப்பா இல்லாத வீடு. அவளுக்கு ஏற்கெனவே இரண்டு இடம் தட்டிப்போயிருந்தது. இதுவும் போனால் அப்புறம் இல்லை என்று அம்மா படுத்துவிட்டாள்.

பூந்தமல்லி டிரங்க் ரோட்டுப் பழைய சாமான் கடைகளில் மூன்று ஞாயிற்றுக்கிழமை அலைந்தோம். ஊரைக் காலி செய்துகொண்டு போனவர்களின் பீங்கான்கள் வைக்கோலுக்குள் கிடக்கும். நான் கண்டதும் கையை வைத்தது, தங்க விளிம்பும் ரோஜாப்பூவும் போட்ட ஒரு பெரிய மூடிப் பாத்திரம். நீ அதை இடது உள்ளங்கையில் நிறுத்தி, நகத்தால் ஒரு சுண்டு சுண்டினாய்.

"கேட்டியா? மணி மாதிரி வர்ல. உள்ள முடி அளவுக்கு விரிசல் கீது. சூடா ஊத்தினா விருந்தாளி மடியிலதான்."

"உனக்கு எல்லாம் தெரியும்."

"எங்கம்மாவுக்குத் தெரியும். நான் கேட்டுக்கினு வளந்தவன்."

அடுத்ததற்கு வேறு குற்றம் சொன்னாய். "காலியா இருக்கசொல்ல அழகாத்தான் கீது. கொழம்ப ஊத்தினா ஒரு பொம்பளை ஒத்தக் கையால தூக்குவாளா?" நான் வாதாடினேன். கடைக்காரர் பீடியை அணைத்துவிட்டு வேடிக்கை பார்த்தார். கடைசியில் நீ சொன்னது இன்றைக்கும் காதில் இருக்கிறது. "முதல்ல இன்னா துன்னப் போறோம், யார் துன்னப் போறாங்கன்னு சொல்லு. அப்பால கிண்ணம் பாக்கலாம்."

யார் சாப்பிடப் போகிறார்கள் என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அவர்கள் சாதி பார்க்கிறவர்கள். உன் தெருவில் தண்ணீர் வாங்கிக் குடிக்காதவர்கள்.

மூன்றாவது ஞாயிறும் வெறுங்கையோடு திரும்பும்போது நீயாகவேதான் சொன்னாய், சேக்காட்டில் உன் வீட்டில் இருப்பதை எடுத்துக்கொள்ளச் சொல்லி. நான் கேட்கவில்லை. இதை நன்றாக ஞாபகம் வைத்துக்கொள்.

ஜெர்மன் சில்வரில் ஆறு கிண்ணங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒரு கைப்பிடி. ஆவடியில் ஒரு வெள்ளைக்கார அதிகாரி வீட்டில் உன் அம்மா சமையல் வேலை செய்தார்கள். அந்தக் குடும்பம் ஊருக்குப் போகும்போது துரைசானி தன் கையால் கொடுத்தது. கொடுத்த மறுநாளே உன் அம்மா பாத்திரக்கடைக்குப் போய், ஆறிலும் கைப்பிடிக்குக் கீழே 'எஸ்தர்' என்று புள்ளி புள்ளியாகப் பெயர் வெட்டிக்கொண்டார்கள். "பேரு இல்லன்னா திருடிக்கினு வந்தான்னுவாங்க" என்று சொன்னார்களாம். அவர்கள் காலமான பிறகு நீ அவற்றைத் துணியில் சுற்றிப் பெட்டியில் வைத்திருந்தாய். எனக்காகப் பிரித்தாய்.

விருந்தன்று காலையில் வந்து மேஜை விரிப்பைப் போட்டதும் நீ, கிண்ணங்களை வைத்ததும் நீ. "கைப்பிடி விருந்தாளி பக்கம் இருக்கணும். அப்பதான் கூசாம எடுத்துப் போட்டுக்குவாங்க" என்றாய். பிறகு நான் உன்னிடம் சொன்னேன், அவர்கள் வரும்போது சமையலறையிலேயே இருந்துகொள் என்று. நீ விரிப்பின் ஓரத்தை இழுத்துச் சரிசெய்தாய். "செரி நைனா" என்று உள்ளே போய்விட்டாய்.

நீ உள்ளே போனதும் ஆறு கிண்ணங்களையும் திருப்பினேன். கைப்பிடி என் பக்கம், பெயரும் என் பக்கம். மறைத்துவிட்டதாக நினைத்தேன். இலையில் பரிமாறியே பழகினவனுக்கு, மேஜையில் சாப்பிடுகிறவர் தானாகக் கை நீட்டி எடுப்பார் என்று தோன்றவில்லை. மாப்பிள்ளையின் பெரியப்பா உருளைக்கிழங்குக் கிண்ணத்துக்குக் கையை நீட்டினார். கைப்பிடி இல்லை. விளிம்பைப் பிடித்து அரை வட்டம் சுற்றினார். பெயர் அவர் மூக்குக்கு நேரே போய் நின்றது.

"எஸ்... தர். இன்னாப்பா தம்பி, உங்க ஊட்ல எஸ்தர் யாரு?"

அவர் கரண்டியை எடுக்கவில்லை. மற்றவர்கள் கையும் நின்றது. கதவோரம் என் தங்கை நின்றிருந்தாள்.

"பழைய சாமான் கடையில வாங்கினதுங்க. பூந்தமல்லியில."

"அதானே பாத்தேன். எவளோ ஆயா தொரை ஊட்ல லவட்டிக்கினு வந்திருப்பா. பேரு வேற வெட்டி வச்சிருக்கா பாரு, தகிரியம்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். உருளைக்கிழங்கு மேஜையைச் சுற்றி வந்தது. தேதி குறித்தார்கள்.

அவர்களை வண்டி ஏற்றிவிட்டு உள்ளே வந்தபோது நீ இல்லை. அடுத்த வாரம் கிண்ணங்களைச் சாக்கில் கட்டி, சைக்கிளில் வைத்து சேக்காட்டுக்கு எடுத்து வந்தேன். நீ வாசலிலேயே நின்றாய்.

"எங்கம்மா திருடலை. அதுக்குத்தான் பேரே வெட்டிச்சு."

"எனக்குத் தெரியாதா? வேற என்ன சொல்லச் சொல்ற?"

"நீ சொன்னதுக்கு ஒண்ணும் இல்ல நைனா. நீ சிரிச்சே. இனிமே அதுங்க இந்த ஊட்ல இருந்தா எனக்கு அந்தச் சிரிப்புதான் கேட்டுக்கினு இருக்கும். நீயே வச்சுக்கோ. கடையில வாங்கினதுதானே."

கதவைச் சாத்தவில்லை நீ. திறந்தே வைத்துவிட்டு உள்ளே போனாய். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. பிறகு ஷிப்ட் மாற்றி வாங்கிக்கொண்டாய். கம்பெனி கேட்டில் எதிரே வந்தால் தலையை ஆட்டுவாய், அவ்வளவுதான். ஒருநாள் சட்டையைப் பிடித்துக் கேட்டிருக்கலாம் நீ. தங்கையின் வாழ்க்கையா உன் மானமா என்று வந்தால் நீ என்ன செய்திருப்பாய் என்று திருப்பிக் கேட்க, வாக்கியம் வாக்கியமாகத் தயார் செய்து வைத்திருந்தேன். இத்தனை வருஷமும் அதைத் திருத்தித் திருத்தி வைத்திருக்கிறேன். கேட்காமலே போய்விட்டாய். மூன்று வருஷத்துக்கு முன் நீ இறந்து, உன்னை எடுத்துப்போன அன்று ஆவடி வரை வந்தேன். சர்ச் கேட்டுக்கு வெளியிலேயே நின்று திரும்பினேன்.

இன்று மதியம் தங்கை சாப்பிட வந்திருந்தாள். எழுபத்தைந்து தாண்டிவிட்டது அவளுக்கு. பேரன் பேத்தி எடுத்து நன்றாகத்தான் இருக்கிறாள். மருமகள் ஆறு கிண்ணங்களையும் மேஜையில் வைத்திருந்தாள். தங்கை ஒன்றைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"இது கடையில வாங்கினது இல்லை" என்றேன்.

"தெரியும்ணா. நான்தானே அன்னிக்குக் கழுவி வச்சேன். அந்த அண்ணன் பின்பக்கமாப் போறதையும் பார்த்தேன்." கிண்ணத்திலிருந்து கையை எடுத்துக்கொண்டாள். "அவருக்கு எடுத்து வச்ச சாப்பாடு அப்படியே இருந்தது. ஒரு வாய் சாப்பிடலை."

இது எனக்குத் தெரியாது. காலை ஆறு மணிக்கு வந்தவன் நீ.

மூன்று ஞாயிறு அலைந்து, எது விரிசல், எது கனம், யார் கைக்கு எது எட்டும் என்றெல்லாம் பார்த்து, கடைசியில் உன் அம்மாவின் கிண்ணங்களையே கொடுத்தவன் அவற்றிலிருந்து ஒரு கரண்டி எடுக்காமல் போயிருக்கிறாய். என் வாக்கியங்களில் எதுவும் இதற்குப் பதிலாக இல்லை. மன்னிப்புக் கேட்கிறேன் என்று எழுதமாட்டேன். அன்றைக்கு எனக்கு வேறு வழி இல்லை என்றுதான் இப்போதும் சொல்வேன். ஆனால் அந்தச் சிரிப்புக்கு அவசியம் இருக்கவில்லை. கடையில் வாங்கினது என்று சொல்லிவிட்டுச் சும்மா இருந்திருக்கலாம்.

சாப்பாடு முடிவதற்குள் இரண்டு முறை எழுந்து போய் ஒவ்வொரு கிண்ணத்தையும் திருப்பி வைத்தேன். கைப்பிடி விருந்தாளி பக்கம், பெயரும் அவர்கள் பக்கம். "மாமா, உட்காருங்களேன், எதுக்கு அதையே திருப்பிக்கிட்டு இருக்கீங்க?" என்றாள் மருமகள். அப்புறம், "சரி, யாரு மாமா இந்த எஸ்தர்?" என்றாள்.

உன் பெயரைச் சொல்லி, அவன் அம்மா என்றேன். துரைசானி கையால் கொடுத்தது என்றும் சொன்னேன்.